நூறு வரிகளும் நம்பகத்தின் கேள்வியும்: கட்டளை வரி நிரலாக்க முகவர்களின் வரலாறு குறித்து

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்கக் கணிப்பொறியியல் சங்கமான ஏ.சி.எம். தனது மாத இதழில் மூன்று பக்க உரையொன்றை வெளியிட்டது. அதனை நிகழ்த்தியவர் கென் தாம்சன். யுனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியமைக்காக 1983ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கும் டெனிஸ் ரிச்சிக்கும் வழங்கப்பட்டிருந்தது. விருதேற்புரையில் ஒருவர் தமது ஆக்கத்தின் சிறப்பினைப் பேசுவதே வழமை. தாம்சன் அவ்வழமையைப் பின்பற்றவில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு கள்ள வாயிலைக் கணினிக்குள் அமைப்பது எங்ஙனம் என்பதை அவர் படிப்படியாக விளக்கினார்.

அவ்விளக்கத்தின் சாரம் இதுதான். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் நேரடியாக விளங்கிக்கொள்வதில்லை. கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி அதனை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகின்றது. அந்நிரல்பெயர்ப்பியும் ஒரு நிரலே. அதனை முந்தைய ஒரு நிரல்பெயர்ப்பி மாற்றித் தந்திருக்கும். இனி, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலைக் காணும்போது அதில் ஒரு கள்ள வாயிலைச் சேர்க்குமாறும், தன்னுடைய மூல நிரலையே காணும்போது இத்தந்திரத்தை மீண்டும் தன்னுள் சேர்க்குமாறும் ஒரு நிரல்பெயர்ப்பியை ஒருமுறை மாற்றியமைத்துவிட்டால், அதன்பின் மூல நிரலிலிருந்து தந்திரத்தின் சுவடுகள் அனைத்தையும் அழித்துவிடலாம். மூலத்தை வரிக்கு வரி படிப்பவர் குற்றம் எதனையும் காணமாட்டார். வாயிலோ திறந்தே இருக்கும். நாமே முழுமையாக எழுதாத ஒரு நிரலை, அதன் மூலத்தைப் பரிசோதித்துவிட்டோம் என்பதனால் மட்டும் நம்பிவிட முடியாது என்ற முடிவுடன் அவர் தமது உரையை நிறைவு செய்தார்.

நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னர் அவ்வுரை புதியதொரு பொருத்தப்பாட்டைப் பெற்றுள்ளது. இன்று நிரலர்கள் பலர், நிரல் எழுதும் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைத்து வருகின்றனர். முகவர் என்பது, நாம் கூறும் தேவையைக் கேட்டு, கோப்புகளைத் தானே படித்து, நிரலை எழுதி, இயக்கிப் பார்த்து, பிழை கண்டால் திருத்தும் மென்பொருளாகும். அவற்றுள் ஒரு வகையினம் நமது கவனத்திற்குரியது. அவை அளவில் மிகச் சிறியவை. மூல நிரல் அனைவர்க்கும் திறந்தவை. படங்களும் பொத்தான்களும் இன்றிக் கட்டளை வரியில் இயங்குபவை. அவற்றின் சிறிய அளவும் திறந்த தன்மையும் நம்பகத்திற்கான சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. அச்சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய, அவை வந்த வழியினை நாம் நோக்க வேண்டியுள்ளது.

வறுமை தந்த சுருக்கம்

கட்டளை வரி என்பது, மனிதர் ஒரு வரியைத் தட்டச்சு செய்ய, இயந்திரம் அதனை நிறைவேற்றி மற்றொரு வரியில் விடையளிக்கும் முறையாகும். 1961 நவம்பரில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினி முறைமை செய்துகாட்டப்பட்டபோதே இதன் தொடக்கத்தைக் காணலாம். பிரெஞ்சு நாட்டவரான லூயி பூசான் அங்குப் பணியாற்றிய காலத்தில், கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயரிட்டார். இயங்குதளத்தின் உட்கருவைச் சூழ்ந்திருக்கும் ஓடு என்பது அப்பெயரின் பொருள்.

எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் இணைந்து மேற்கொண்ட மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகியது. அதே ஆண்டில் தாம்சன், அதிகம் பயன்படாது கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறு கணினியில் யுனிக்சின் முதல் வடிவத்தை எழுதினார். அக்கணினியின் நினைவகம், இன்றைய கணக்கில் இருபது கிலோபைட்டுக்கும் குறைவானது. அக்காலத்து டெலிடைப் கருவியோ ஒரு வினாடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிடும். எனவே கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளாகக் குறுகின. கோப்புகளைப் பட்டியலிட 'எல்.எஸ்.', நகலெடுக்க 'சி.பி.', அழிக்க 'ஆர்.எம்.' என அவை அமைந்தன. பின்னாளில் அழகியலாகப் போற்றப்பட்ட இச்சுருக்கம், தொடக்கத்தில் வறுமை விதித்த ஒரு நிபந்தனையே என்பது குறிப்பிடத்தக்கது.

நிரல்களைக் குழாய்கள் போல ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பில் எழுதியிருந்தார். 1973இல் தாம்சன் அதனை யுனிக்சில் நடைமுறைப்படுத்தினார். அது முதல், ஒவ்வொரு சிறு நிரலும் எழுத்து வரிகளைப் பெற்று எழுத்து வரிகளையே வெளியிடும் மரபு நிலைபெற்றது. ஒரு நிரலை எழுதியவர், அதனை யார், எதனுடன் இணைப்பார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கத் தேவையில்லை. சாதாரண எழுத்தே அனைத்துக்கும் பொதுமொழியாயிற்று. மனிதர் படிக்கக்கூடிய எழுத்தையே இயந்திரங்களும் தம்முள் பரிமாறிக்கொள்ளும் இம்மரபு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எதிர்பாராத ஒரு பயனைத் தந்தது.

மூலமும் உரையும்

யுனிக்ஸ் சிறியதாக இருந்தமையால் அதனை முழுமையாகப் படிக்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜான் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உட்கரு முழுவதையும், ஏறத்தாழ 9,000 வரிகளை, 1970களின் நடுப்பகுதியில் தமது மாணவர்களுக்காக அச்சிட்டார். அதற்கு விரிவானதொரு விளக்கவுரையும் எழுதினார். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம நிபந்தனைகள், மூல நிரலை வகுப்பறையில் கற்பிப்பதற்குத் தடை விதித்தன. லயன்சின் நூல் நகலெடுக்கப்பட்டு, நகலின் நகலாகக் கைமாறிப் பல்லாண்டுகள் உலவியது. 1996இல்தான் அது முறையாக வெளியிடப்பட்டது. மூலநூலும் விளக்கவுரையும் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறி வந்த மரபினை நன்கறிந்த நம் வாசகர்களுக்கு இந்நிகழ்வின் பொருள் எளிதில் விளங்கும். ஓர் ஆக்கத்தை நம்புவதற்கு, அதனைத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்தவர்கள் வேண்டும்.

மூலத்தைப் படிக்கும் உரிமை பறிபோன இச்சூழலில்தான் 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யுனிக்சுக்கு ஈடான ஒரு கட்டற்ற தளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதுவே குனு திட்டம். 1989இல் ஜி.பி.எல். என்ற பொது உரிமமும், பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பேஷ்' என்னும் ஷெல்லும் வெளிவந்தன. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது லினக்ஸ் உட்கருவை வெளியிட்டார். 1998இல் 'திறந்த மூலம்' என்ற பெயர் வழக்கிற்கு வந்தது.

இக்காலப் பகுதியில் பொதுமக்களின் கணினி, சாளரங்களையும் சுட்டியையும் கொண்டதாக மாறிவிட்டது. தாம்சனின் உரை வெளிவந்த 1984ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் மெக்கின்டோஷ் கணினி அறிமுகமாயிற்று. கட்டளை வரியின் காலம் முடிந்துவிட்டதெனப் பலர் கருதினர். எனினும் நிரலர்கள் அதனைக் கைவிடவில்லை. இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை வரிகளாக எழுதிக்காட்டும் 'டிஃப்' 1970களில் உருவானது. அவ்வேறுபாட்டைக் கொண்டு கோப்பினைத் திருத்தும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். தொலைவிலுள்ள இருவர் ஒரே நிரலில் பணியாற்ற இவை வழிவகுத்தன. 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்', ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் வரலாற்றோடு பதிந்துவைக்கும் ஏடாக அமைந்தது. திருத்தத்தை எழுத்தாகக் காட்டுதல், எழுத்தைப் பிறர் படித்து ஏற்றல் என்பனவே திறந்த மூல உலகின் ஒழுங்காயின.

மொழி மாதிரி ஷெல்லைச் சந்தித்த வேளை

2021 ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனம் கோடெக்ஸ் என்ற மொழி மாதிரி குறித்த ஆய்வினை வெளியிட்டது. 164 சிறு நிரலாக்கக் கணக்குகளுள் 28.8 விழுக்காட்டை அது முதல் முயற்சியிலேயே சரியாகத் தீர்த்தது. ஆனால் அது எழுதித் தருவதோடு நின்றுவிட்டது. தான் எழுதியது இயங்குகின்றதா என்பதைக் காணும் கண் அதற்கில்லை. 2022 அக்டோபரில் ஷுன்யூ யாவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 'ரியாக்ட்' என்ற முறையை முன்வைத்தனர். மாதிரி சிந்தனையை எழுத்தில் வெளியிட்டு, ஒரு செயலைத் தெரிவுசெய்து, அச்செயலின் விளைவைப் படித்து, மீண்டும் சிந்திப்பதே அம்முறை.

இன்றைய முகவர்களின் இயக்கம் இதிலிருந்தே பிறந்தது. பயனரின் கோரிக்கையை முகவர் நிரல் மாதிரிக்கு அனுப்புகின்றது. மாதிரி ஒரு கட்டளையை எழுதுகின்றது. முகவர் அதனை ஷெல்லில் இயக்கி, விடையை முந்தைய உரையாடலின் இறுதியில் சேர்த்து, முழுவதையும் மீண்டும் மாதிரிக்கு அனுப்புகின்றது. பணி முடிந்ததென மாதிரி அறிவிக்கும் வரை இச்சுழற்சி தொடர்கின்றது. மொழி மாதிரி எழுத்தை உண்டு எழுத்தை ஈனும் கருவி, ஷெல்லும் அத்தகையதே. எனவேதான் சாளரங்களும் படங்களும் நிறைந்த உலகில், மாதிரிகளுக்கு இசைவான இல்லமாக 1970களின் கட்டளை வரி அமைந்தது.

2023இல் பால் கோத்தியர் வெளியிட்ட 'எய்டர்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அப்பாச்சி உரிமத்தின்கீழ் திறந்த மூலமாக வந்த அது, மாதிரியின் திருத்தங்களை வேறுபாட்டு வரிகளாகப் பெற்று, ஒவ்வொன்றையும் 'கிட்' ஏட்டில் பதிந்தது. முகவர் செய்ததை மனிதர் படிக்கவும், வேண்டாதபோது மீட்கவும் இதனால் முடிந்தது. பழைய ஒழுங்கு புதிய பணியாளையும் கட்டுப்படுத்தியது எனலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் எஸ்.டபிள்யூ.ஈ.-பெஞ்ச் என்ற அளவுகோலை வெளியிட்டனர். பன்னிரண்டு பைத்தான் திட்டங்களில் உண்மையாகவே எழுந்த 2,294 சிக்கல்களை அது கொண்டிருந்தது. அன்று முதலிடம் பெற்ற மாதிரி அவற்றுள் 1.96 விழுக்காட்டையே தீர்த்தது. 2024இல் அதே குழுவினர் வெளியிட்ட எஸ்.டபிள்யூ.ஈ.-ஏஜென்ட் அதனை 12.5 விழுக்காடு அளவிற்கு உயர்த்தியது. மாதிரிகள் வெறும் ஷெல்லில் தடுமாறுவதைக் கண்ட அவர்கள், கோப்பினைப் பகுதி பகுதியாகக் காட்டவும் திருத்தவும் மாதிரிகளுக்கென்றே தனிக் கட்டளைகளை வடிவமைத்தமையே அவ்வுயர்வின் காரணம்.

2025இல் அவர்களே அக்கட்டளைகள் அனைத்தையும் களைந்து, 'மினி' என்ற முகவரை வெளியிட்டனர். அதன் மையப் பகுதி ஏறத்தாழ நூறு வரிகளே கொண்டது. ஷெல்லைத் தவிர வேறு கருவி எதுவும் அதற்கில்லை. எனினும், மனிதர் சரிபார்த்துத் தேர்ந்த 500 சிக்கல்கள் கொண்ட தொகுதியில் அது 65 விழுக்காட்டைத் தீர்த்ததாக அறிவித்தனர். முந்தைய அளவீடு முழுத் தொகுதியில் எடுக்கப்பட்டதாகையால் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. ஆயினும் போக்கு தெளிவானது. அவ்வாண்டிலேயே பெருநிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. ஆந்த்ரோபிக்கின் 'கிளாட் கோட்' பிப்ரவரியில் மூடிய மூலமாக அறிமுகமாயிற்று. ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் கட்டளை வரி நிரல் ஏப்ரலிலும், கூகுளின் ஜெமினி கட்டளை வரி நிரல் ஜூனிலும் அப்பாச்சி உரிமத்துடன் திறந்த மூலமாக வெளிவந்தன.

எடை எங்கே சென்றது?

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பி.டி.பி.-7இன் யுனிக்ஸ் சிறியதாயிருந்தபோது, அதன் முழு இயக்கமும் அச்சிறிய நிரலுக்குள்ளேயே இருந்தது. லயன்சின் 9,000 வரிகளைப் படித்த மாணவர் உட்கருவின் அனைத்தையும் படித்தவராவார். நூறு வரி முகவரின் சிறுமை அத்தகையதன்று. 2024இல் முகவர் நிரல் சுமந்த பணியை 2025இல் மாதிரி சுமந்துகொண்டது. அதனாலேயே முகவர் மெலிந்தது. எடை குறையவில்லை, இடம் மாறியது. நூறு வரிகளை ஒரு பிற்பகலில் படித்து முடிப்பவர், கட்டளை எவ்வழியே வருகின்றது என்பதை அறிவார். அக்கட்டளை ஏன் எழுதப்பட்டது என்பதை அறியமாட்டார்.

மாதிரியையும் திறந்துவிட்டால் போதாதா எனக் கேட்கலாம். அத்திசையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம் தனது ஆர்1 மாதிரியை எம்.ஐ.டி. உரிமத்துடன் வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் பிரான்சின் மிஸ்ட்ரால் நிறுவனம் நிரலாக்க முகவர்களுக்கென்றே ஆக்கிய டெவ்ஸ்ட்ரால், ஒருவர் தமது சொந்தக் கணினியிலேயே இயக்கக்கூடியது. நிரல் வெளியே செல்லாதிருத்தல், ஒரு நிறுவனத்தின் தயவில் தங்கியிராதிருத்தல் என்பன பெரும் பயன்களே. ஆனால் டெவ்ஸ்ட்ரால் என்பது 2,400 கோடி எண்களின் தொகுதி. அவ்வெண்களைப் பெறுவதற்கும் படிப்பதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2024இல் 'ஓல்மோ' மாதிரியுடன் அதன் பயிற்சித் தரவுகளையும் வெளியிட்டது போன்ற முயற்சிகள் சிலவே. எண்களை மட்டும் தந்து பயிற்சித் தரவுகளை வெளியிடாதிருத்தலே பெருவழக்கு.

தாம்சனின் அச்சம் இங்கு உருவெடுத்து நிற்கின்றது. 2024 ஜனவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தாரும் பிறரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேண்டுமென்றே ஒரு மாதிரியைக் கெடுத்துப் பயிற்றியது. ஆண்டு 2023 என்று கூறப்பட்டால் அது பாதுகாப்பான நிரலை எழுதும். 2024 என்று கூறப்பட்டால் ஓட்டையுள்ள நிரலை எழுதும். வழக்கமான பாதுகாப்புப் பயிற்சிகளை அளித்த பின்னரும் அத்தீய பழக்கம் நீங்காது எஞ்சியதை அவர்கள் கண்டனர். நிரல்பெயர்ப்பியின் இடத்தில் மாதிரியை வைத்துப் பார்ப்பின், 1984இன் உரை மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டது போன்றே இவ்வாய்வு அமைந்துள்ளது.

வேறொரு வாயிலும் உண்டு. ஷெல்லின் வலிமையான பொதுமொழியே இங்கு பலவீனமாகின்றது. மாதிரிக்குப் பயனரின் ஆணையும் எழுத்தே. அது படிக்கும் கோப்பும் எழுத்தே. ஒரு கோப்பினுள் தீயவர் ஒருவர் ஆணை போன்ற வாக்கியத்தை ஒளித்து வைத்தால், மாதிரி அதனைப் பயனரின் ஆணையாகக் கொண்டுவிடக்கூடும். சைமன் வில்லிசன் 2022 செப்டம்பரில் இதற்கு 'ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயரிட்டார். மூலம் திறந்திருப்பதனால் இவ்வாயில் மூடப்படுவதில்லை.

மனிதரின் மறதியையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். கட்டளையை இயக்கும் முன் பயனரின் ஒப்புதலைக் கேட்கும் வசதி இம்முகவர்கள் பலவற்றில் உண்டு. அதனை நீக்கிவிடும் வசதியும் உண்டு. ஜெமினி, மினி ஆகிய இரண்டிலும் அதற்கிட்ட பெயர் 'யோலோ'. 'வாழ்வது ஒருமுறைதான்' என்னும் ஆங்கில வழக்கின் சுருக்கம் அது.

படிப்பவர் எங்கே?

2024 மார்ச் 29ஆம் நாள், ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார். தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கண்டு அவர் காரணத்தைத் தேடியிருந்தார். லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்.இசட்.' என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ள வாயில் ஒளிக்கப்பட்டிருந்தது அதனால் வெளிப்பட்டது. அது மூடிய மென்பொருளன்று. முற்றிலும் திறந்த மூலம். வாயில் பரிசோதனைக் கோப்புகளுக்குள்ளும் ஆக்கக் கட்டளைகளுக்குள்ளும் மறைக்கப்பட்டிருந்தது. திறந்திருந்த ஏட்டினை எவரும் உற்றுப் படிக்காதிருந்தமையே அத்தீங்கிற்கு இடமளித்தது. ஒருவர் உற்று நோக்கியமையே அது பரவாமல் தடுத்தது. ஆயினும் மூலம் திறந்திராவிடின், அந்த அரை வினாடியின் காரணத்தை அவரால் அத்துணை விரைவில் தேடிக் கண்டிருக்க முடியாது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தாம்சனின் கேள்விக்கு முழுமையான விடை எதுவும் இல்லை என்று கருதுவதும் சரியன்று. டேவிட் வீலர் 2009இல் தமது முனைவர் பட்ட ஆய்வில் ஒரு வழியை நிறுவினார். ஐயத்திற்குரிய நிரல்பெயர்ப்பியின் மூலத்தை, அதனோடு தொடர்பற்ற மற்றொரு நிரல்பெயர்ப்பியினால் மாற்றி, அவ்விளைவைக் கொண்டு மீண்டும் அதே மூலத்தை மாற்றி, இறுதியில் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என ஒப்பிடுவதே அவ்வழி. ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியினால் சரிபார்க்கும் முறை இது. மொழி மாதிரிகளுக்கு இதனை அவ்வாறே பொருத்த முடியாது. இரு மாதிரிகள் ஒரே கோரிக்கைக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்த நிரலை எழுதமாட்டா. ஆனால் சாட்சிகளைப் பெருக்குதல் என்ற கோட்பாடு இங்கும் பொருந்தும்.

சிறிய திறந்த முகவர்களின் உண்மையான மதிப்பு இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது என்பது நமது கருத்து. அவை மாதிரியை நம்பத்தக்கதாக ஆக்குவதில்லை. நமது நம்பிக்கை எவ்விடத்தில் வைக்கப்படுகின்றது என்பதை மறைக்காது காட்டுகின்றன. ஒரு மாதிரியை நீக்கி மற்றொன்றைப் பொருத்தவும், ஒன்று எழுதியதை மற்றொன்றைக் கொண்டு ஆராயவும் அவற்றில் எளிது. இயக்கப்பட்ட கட்டளை ஒவ்வொன்றும் மனிதர் படிக்கக்கூடிய வரியாகப் பதிந்துவைக்கப்படுகின்றது. முகவரை ஒரு தனிச் சிறையில், முக்கியக் கோப்புகளை எட்டாத இடத்தில் வைத்து இயக்கவும் முடிகின்றது. நூறு வரிகள் தரும் சான்று, இடையில் வேறெவரும் இல்லை என்பதற்கான சான்று மட்டுமே. அது சிறிய சான்று. எனினும் பல்லாயிரம் வரிகளுக்குள் புதைந்த மூடிய முகவர் அதனையும் தருவதில்லை.

எழுதும் பணி மலிவாகிவிட்ட காலத்தில் படிக்கும் பணி அரிதாகின்றது. ஒரு திட்டத்தைப் பேணுபவர் முன்பு நாளொன்றுக்குச் சில திருத்தங்களைப் படித்தார். இப்போது முகவர்கள் சில நிமிடங்களில் அதே அளவைக் குவிக்கின்றன. தடையையும் மீறிப் பலர் லயன்சின் நூலை நகலெடுத்துப் படித்தனர், ஏனெனில் தாம் பயன்படுத்துவதை விளங்கிக்கொள்ள அவர்கள் விரும்பினர். இன்று தடை எதுவும் இல்லை; ஏடு திறந்தே கிடக்கின்றது. ஒப்புதல் கேட்கும் வரி திரையில் தோன்றும்போது, அதன் மேலுள்ள கட்டளையைப் படித்துவிட்டு விசையை அழுத்துபவர் யார் என்பதிலேயே இவ்வரலாற்றின் அடுத்த பகுதி தங்கியுள்ளது.